மிரெல்லாவின் முதுகு

நகர மதில்மேல் போகும் மண்பாதையில் ஓடிவரும் நீவெஸ், நாலாவது கிலோமீட்டர் வந்ததும் இடது கையை ஒருமுறை உதறுவாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. ஃபெராரா ஊரில் விடியற்காலை நாயோடு நடக்கிறவர்களுக்கு அந்த உதறல்தான் ஆறு மணி. மூடுபனியில் ஆள் சரியாகத் தெரியாவிட்டாலும் கை தெரியும். "ஆறாயிடுச்சு, வாடா" என்று நாயை இழுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஏழரைக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் இருப்பாள். முந்நூறு பிள்ளைகளுக்குப் பாஸ்தா வேகவைப்பது அவள் உத்தியோகம். அங்கேயும் ஓட்டக் கணக்குதான். "தக்காளி சுண்ட இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஆகும்" என்பாள். பத்து நிமிடம் என்று மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட தலைமைச் சமையல்காரி, பாலாடைக்கட்டி நிறுக்கும் தராசில் ஓட்டக் காலணியைக் கண்ட அன்று மட்டும் கரண்டியை ஓங்கிவிட்டாள். "புதுசுதானே, இன்னும் மண்ணுலயே படலையே!" என்று நீவெஸ் மன்றாடியது எடுபடவில்லை. ஆனாலும் அதற்குள் நீவெஸ் எடையைப் பார்த்துவிட்டாள். இருநூற்றுப் பத்து கிராம்.

வயது ஐம்பத்தெட்டு. கணவர் ஒலிந்தோ ஒரு கிலோமீட்டர்கூட ஓடியவரில்லை. பந்தயம் தவறாமல் அவள் மேல்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழாவது கிலோமீட்டரில் நிற்பார். "தோளை இறக்கு, நீவெஸ்! காதுல மாட்டிக்கிட்டா ஓடுவே?" என்று அவர் கத்துவது மூன்று ஊருக்குக் கேட்கும். "வீட்டுல வாயத் திறக்காத மனுஷன், ரோட்டுலதான் பேசுவாரு" என்பாள் அவள்.

பதினோரு வருஷமாக அவளுக்கு ஒரே ஆசை. மிரெல்லாவை ஒரே ஒரு தடவை முந்திவிட வேண்டும். மிரெல்லா கொமாக்கியோ மீன் சந்தையில் விலாங்கு விற்கிறவள். நீவெஸைவிட ஒரு வயது இளையவள், வாயோ விலாங்கு நீளம். எந்தப் பந்தயமானாலும் அவர்கள் வயதுப் பெண்களில் முதலாவது மிரெல்லா, இரண்டாவது நீவெஸ். ஒருமுறை இடைவெளி ஒரே ஒரு வினாடி. அந்த வினாடியை நினைத்து ஒரு வாரம் பாஸ்தாவுக்கு உப்புப் போட மறந்தாள். "அவ மூஞ்சியக் கேட்டா எனக்குச் சரியாச் சொல்லத் தெரியாது. முதுகைக் கேளு, வரைஞ்சே காட்டுறேன்" என்பாள். வலது தோளில் மச்சம், களைத்தால் இடப்பக்கம் சாயும் கழுத்து, வேகம் கூட்டுவதற்கு முன்னால் ஒரு சின்னச் செருமல், எல்லாம் மனப்பாடம்.

ஆண்டுக்கொரு முறை மருத்துவர் மார்பில் கம்பிகளை ஒட்டி, சைக்கிள் மிதிக்கவைத்து, சான்றிதழில் கையெழுத்துப் போட்டால்தான் பந்தய எண்ணை நெஞ்சில் குத்திக்கொள்ளலாம். இந்த செப்டம்பரில் நீவெஸுக்குக் கையெழுத்துக் கிடைத்தது. மிரெல்லாவுக்குக் கிடைக்கவில்லை. இதயம் இடையிடையே தாளம் தப்புகிறதாம். நடக்கலாம், நாடி எகிறாமல் மெல்ல ஓடலாம், பந்தயம் மட்டும் இனி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை நதிக்கரைப் பந்தயத்தில், எந்த வேகத்தில் ஓடுவது என்று நீவெஸுக்குப் பிடிபடவில்லை. முன்னால் வெறும் பாதைதான் இருந்தது. இரண்டு முறை திரும்பிக்கூடப் பார்த்தாள். ஏழாவது கிலோமீட்டரில் ஒலிந்தோ தோளை மறந்துவிட்டு, "அடியே, நீதான் முதல்ல வர்றே!" என்று துள்ளினார். பரிசு ஒரு முழுப் பன்றித் தொடை உப்புக்கண்டம். திரும்பும் பேருந்தில் ஓட்டச் சங்கத்துப் பெண்கள் அதைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு பாடினார்கள். "பதினோரு வருஷம் கழிச்சு ஜெயிச்சுட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கியே!" என்று ஒருத்தி சீண்டினாள்.

"யாரை ஜெயிச்சேன்? மூடுபனியையா?" என்று சொல்லிவிட்டு நீவெஸ் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். மிரெல்லா இல்லாதது அவளுக்கு அவ்வளவு வலித்தது.

அடுத்த சனிக்கிழமை கொமாக்கியோவுக்குப் போனாள். காயல் கரையில் மிரெல்லா ஓட்ட உடுப்போடு நடந்துகொண்டிருந்தாள். கையில் நாடி காட்டும் கடிகாரம்.

"என்னடி, தொடையைக் காட்ட வந்தியா?"

"உன்னைப் பார்க்க வந்தேன். தொடை வீட்டுல தொங்குது."

"எவ்வளவு நேரத்துல முடிச்சே?"

"நாப்பத்தஞ்சு நிமிஷம்."

"தூ! அந்த நேரத்துல நான் முடிச்சிட்டு விலாங்கையும் உரிச்சிருப்பேன்." சிரித்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "இது கத்துச்சுன்னா நான் நடக்கணும். கத்துற வரைக்கும் ஓடலாம். வர்றியா?" என்றாள்.

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடினார்கள். ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்குத்தான். கூடையோடு நடந்து வந்த ஒரு கிழவர் அவர்களைத் தாண்டிப் போனார். எவ்வளவு அடக்கியும் நீவெஸின் கால் அரை அடி முன்னே முன்னே போயிற்று.

"போடி, முந்திக்கிட்டுப் போ" என்றாள் மிரெல்லா, தரையைப் பார்த்தபடி. "இப்ப யாரு தடுக்கிறா?"

நீவெஸ் நின்றாள். குனிந்து, இறுக்கமாக இருந்த காலணி நாடாவை அவிழ்த்து, மிரெல்லா பத்தடி போகும்வரை நிதானமாக மறுபடி கட்டினாள்.