லயத்துக்கு ஒரு சப்வூஃபர்

பதுளை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி, இனி வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவைத்ததிலிருந்து அப்பா கட்டிலில் படுத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலைத் தோட்டமே வந்து பார்த்துவிட்டுப் போனது. அவருடைய சொந்த அண்ணன், எங்கள் பெரியப்பா, மட்டும் வரவில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றுதான் அவருடையது, கூப்பிடு தூரம். கோயில் கமிட்டித் தலைவர் பதவிக்கு இருவரும் மோதிக்கொண்டதோடு பேச்சு நின்றது. பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. கோபத்தை மட்டும் இவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

படுத்திருப்பவர் பாட்டாவது நன்றாகக் கேட்கட்டும் என்று நான் சப்வூஃபர் செய்யக் கிளம்பினேன். இது வெளியே சொன்ன காரணம். கொழும்புக் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் சும்மா இருந்தால் லயத்தில் மதிப்பு ஏது? பழைய அலுமாரிப் பலகையில் பெட்டி அடித்து, பெரிய ஸ்பீக்கர் ஒன்றைப் பூட்டினேன். அதற்கு எந்த ஆம்ப்ளிஃபயர் பொருந்தும் என்று பதுளைக் கடைக்காரரிடம் கேட்டேன். விற்காமல் தூசி பிடித்துக் கிடந்த ஒன்றை எடுத்து, இது அதற்கென்றே பிறந்தது என்று சத்தியம் செய்தார். கனத்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும் மீதியைச் சின்ன ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துக் கொடுக்க ஒரு கிராஸ்ஓவரும் தந்தார். வீடியோ பார்த்துக் கற்ற வித்தை அல்லவா, எல்லா ஸ்பீக்கரையும் கனத்த சத்தம் வரும் பக்கத்திலேயே இணைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு இல்லாத நாள், தைரியமாகச் சத்தத்தைக் கூட்டினேன். பாட்டுக் குரலைக் காணோம். தும், தும் என்பது மட்டும் கிளம்பித் தகரக் கூரையை உலுக்கியது.

"நல்லாதான் இருக்கு மகன். பாடுறவரு எப்ப வருவாரு?" என்றார் அப்பா.

வந்தது பெரியப்பா. அந்தத் தும், தும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எழவு வீட்டில் அடிக்கிற தப்பு மேளமாகக் கேட்டிருக்கிறது. "ஐயோ தம்பி, போயிட்டியாடா!" என்று மாரில் அடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தவர், சாய்ந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பாவைக் கண்டு அப்படியே நின்றார். நான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன்.

"வாங்கண்ணே, உக்காருங்க."

அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் பெரியப்பாவின் கக்கத்தில் இருந்த புதுத்துணியைக் கவனித்தோம். செத்தவர் மேல் போர்த்துகிற கோடி.

"ஞாயித்துக்கிழமை வெள்ளன எந்தக் கடைண்ணே தொறந்திருந்துச்சு?" என்று அப்பா கேட்டார்.

பெரியப்பா தலை குனிந்தார். "நீ ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கே லுணுகலை டவுனுக்குப் போய் வாங்கி வச்சேன்."

பள்ளத்தைத் தாண்டி வந்து பார்க்க மனமில்லாதவர் கோடி வாங்க லுணுகலை வரை போயிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவோ துணியை வாங்கி, விரித்துப் பார்த்து, நிதானமாக மடித்தார்.

"நானும் ஒங்களுக்கு ஒன்னு வாங்கிப் பொட்டியில வச்சிருக்கேண்ணே" என்றார்.