அக்காவின் சர்வர்

கெலெபிக்கு ஃபயர்வால் அத்துப்படி, அக்காவிடம் கேள்வி கேட்கத்தான் தெரியாது. டோங்கா நாட்டின் நுக்குஅலோஃபா துறைமுகத்தில், தீவுகளுக்குக் கப்பல் விடும் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் அவனும் அக்கா லோசலினும் வேலை பார்த்தார்கள். இணையத்தில் வருவதையும் போவதையும் சோதித்து அனுப்பும் அந்த ஃபயர்வால் அவன் பொறுப்பு; அதற்கென்று தனிப் பெட்டி கிடையாது. அக்காவின் பெரிய சர்வருக்குள்ளேயே மென்பொருளாக ஓடியது. வீடு அக்காவுடையது, அதில் குடித்தனம் தம்பியுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டோங்காவில் அக்கா என்றால் தம்பிக்கு எப்போதும் ஒரு படி மேல். அவள் இருக்கும் அறையில் அவன் உட்கார மாட்டான், அவள் திரையை எட்டிப் பார்க்க மாட்டான். அவள் டீ போட வந்தால் இவன் கோப்பையோடு வெளியே போய்விடுவான். அலுவலகத்தில் யாருக்கும் இது வினோதமாகப் படவில்லை. எல்லோர் வீட்டிலும் இதே கதைதான்.

அறுந்துபோன கடலடிக் கேபிளைச் சரிசெய்து ஊரெல்லாம் இணையம் பறந்த பிறகும், இந்த அலுவலகத்தில் மட்டும் அது தவழ்ந்தது. டிக்கெட் வாங்க வந்தவர்கள் வாசல்வரை நின்று திட்டினார்கள். கெலெபி ஃபயர்வாலின் விதிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தான். அதையே அழித்துவிட்டு மறுபடி நிறுவினான். ம்ஹூம். இனிப் பார்க்க வேண்டியது சர்வரைத்தான் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் உங்கள் பக்கம் தப்பிருக்கிறதா என்று அக்காவிடம் எப்படிக் கேட்பது? அழுத்தக்காரன், வாயைத் திறக்கவில்லை.

"ஏம்பா, வெள்ளிக்கிழமையோட உன் வேலைய ஆக்லாந்து கம்பெனிக்காரங்ககிட்ட குடுத்துடறேன்" என்றார் மேலாளர் சோலோமோனே. "வேற ஏதாச்சும் பாக்கணுமா?"

"இல்லீங்க. என்னால முடிஞ்சது இவ்வளவுதான்."

இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தப் பதிலைச் சொன்னான். நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

சேதி காதில் விழுந்ததும் லோசலின் தன் சர்வரைத் திறந்து துருவினாள். கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"கேபிள் அறுந்தப்ப சாட்டிலைட்டுதான் இருந்துச்சு. எல்லாரும் சேந்து இழுத்துடக் கூடாதுன்னு, ஃபயர்வாலுக்குப் போற வழியில நான்தான் வேகத்தக் கட்டி வெச்சேன். அவுத்துவிட மறந்துட்டேன். இப்ப எடுத்துட்டேன், போட்டுப் பாருங்க. தம்பி மேல தப்பே இல்ல."

சோலோமோனே போட்டுப் பார்த்தார். பக்கம் சட்டென்று திறந்தது. "அப்ப ஆக்லாந்துக்காரங்ககிட்ட யார் வேலையக் குடுக்கறது, உன்னோடதையா?" என்று சிரித்தார். "போம்மா, அவனையே இருக்கச் சொல்லு."

வெளியே நடையில் கெலெபி தரையைப் பார்த்து நின்றான். அவளும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏன்டா, வேலை போயிருந்தா புள்ளைங்களுக்கு என்னத்தப் போடுவ? மரியாதையையா?"

"உங்ககிட்ட எப்படிக்கா கேக்கறது?"

"அக்கா சொன்னா கேப்பல்ல? இப்பச் சொல்றேன். இனி எது நின்னாலும் மொதல்ல என்கிட்டதான் கேக்கணும்."

அக்காவின் சொல்லை எப்படி மீறுவான்? "சரிக்கா" என்றான்.

மறுவாரம் இணையம் மறுபடி தடுமாறியது. அவள் அறைக்கு வெளியே, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "அக்கா, உங்க சர்வர்ல ஏதாச்சும்..." என்று இழுத்தான். முடிப்பதற்குள் அழுதுவிட்டான். உள்ளே லோசலின் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தேட ஆரம்பித்தாள்.