நாகலெட்சுமியும் அவளுடைய ஜாஸ் கூட்டாளிகளும்

என் சாவுக்கு முன்கூட்டியே கொட்டு அடித்துப் பார்த்தாள் என்று என் தங்கச்சியைப் பற்றிச் சொல்லுகிற வாய் எதுவானாலும், என் முன்னால் வந்து சொல்லட்டும். கொட்டகலை டவுனில் ஒரு ஆம்பிளையோடு போய்விட்டாள் என்பதும் பொய். அவள் போனது ஊர்மிளா வீட்டுக்கு. மருந்துக் கடையில் வேலை செய்கிற, புருஷனை இழந்த பெண் அந்த ஊர்மிளா. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் இருக்கிற ஜெயமலருக்குக் காதில் விழுவது பாதி, மீதியை அவளே கட்டிக்கொள்வாள். நடந்ததை நான் சொல்லுகிறேன், பேத்தி லோஜினி எழுதுகிறாள். எனக்குக் கெட்ட பேர் வந்தால் வரட்டும்.

நாகலெட்சுமி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். கொழுந்து பறித்தாள், பிள்ளைகள் இரண்டையும் வளர்த்துக் கொழும்புக்கு அனுப்பினாள், புருஷன் போன பிறகு லயத்தில் என் ஒற்றைக் காம்பரா வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியபோது அங்கே அறை கூட்டுகிற வேலை கிடைத்தது. முன் அறையில் ரெக்கார்ட் பெட்டி ஒன்று இருந்தது. விருந்தாளிகள் தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு பக்கம் முடிந்தால் மறுபக்கம் திருப்பிப் போடுவதும் அவள் வேலை. அப்படித்தான் இந்த ஜாஸ் அவளைப் பிடித்துக்கொண்டது. பேய் பிடித்தது என்று சொல்லமாட்டேன். பேய் என்றால் பூசாரியாவது இருக்கிறான்.

அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. அட்டைப் படத்தைப் பார்த்து அவளே பேர் வைத்திருந்தாள். கன்னத்தைத் தவளை மாதிரி உப்பிக்கொண்டு ஊதுகிறவர் ஒருவர். தொப்பிக்காரப் பியானோ ஒருவர். தலையில் வெள்ளைப்பூ வைத்த அம்மா ஒருத்தி. "புள்ளைய தூரத்துக்கு அனுப்பிட்டுத் தனியா நிக்கிறவ பாடுற மாதிரி இருக்கும் அக்கா" என்பாள்.

ஒருநாள் தம்பிஐயா மாஸ்டர் பங்களாவுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூட வேலை முடிந்து கொட்டகலையிலேயே தங்கிவிட்டவர். இவள் போய், "ஐயா, இதுல ரெண்டாம் பக்கந்தான் நல்லாருக்கும், அதப் போடவா?" என்று கேட்டிருக்கிறாள். மனுஷன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாராம். "உமக்கு இது எப்பிடித் தெரியும்?" என்று கேட்டு, அன்றைக்கே தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார். மொத்தம் ஐந்து பேர், ஊர்மிளாவும் அதில் ஒருத்தி. மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானம் மாஸ்டர் வீட்டில் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு ரெக்கார்ட் போட்டுக் காட்டி, ஏன் பிடிக்கும் என்று சொல்லவேண்டும். மற்ற நாளெல்லாம் போனில் பாட்டும் பேச்சுமாக அனுப்பிக்கொள்வார்கள்.

அங்கிருந்துதான் என் வயிறு எரியத் தொடங்கியது. குழம்பு வைத்தால் முதலில் என் உள்ளங்கையில் ஊற்றி உப்புப் பார்க்கச் சொன்னவள். இப்போது விடிந்ததும் முதல் பேச்சு போனோடு. "ஊர்மிளா, நேத்து நீங்க அனுப்புனதுல பியானோக்காரரு நடுவுல சும்மா நிறுத்துறாரு பாருங்க, அந்த எடத்துல எனக்கு மூச்சே நின்னுபோச்சு!" என்பாள். இந்த வீட்டில் மூச்சிளைப்புக்காரி நான். என் மூச்சைப் பற்றி ஒருநாளாவது அந்தக் குரலில் பேசியிருப்பாளா?

எனக்குக் கேட்கத் தரவில்லை என்று சொன்னால் பொய். ஒருமுறை பாட்டுக் கேட்கப் போனில் மாட்டுகிற வயரை என் காதில் செருகினாள். "தகரத்துல கல்லப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு, எடு" என்றேன். எடுத்து முந்தானையில் துடைத்து வைத்துக்கொண்டாள். இரண்டாம் தரம் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை. அவளுக்கு லீவு. தண்ணீர் கொட்டுகிற பீலிக்குக் குளிக்கப் போனாள். போனும், ஊர்மிளா கொடுத்த சின்ன ஸ்பீக்கரும் கட்டிலில் கிடந்தன. அப்படி என்னதான் கேட்கிறார்கள் என்று பார்க்க, போனில் தெரிந்த ஒரு மேளக்காரர் படத்தை அழுத்தினேன். முதலில் மெதுவாகத்தான் தட்டினார். பிறகு பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி! வேறு எந்த வாத்தியமும் இல்லை, கொட்டு மட்டும். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்த மனமும் இல்லை.

திருவிழா இல்லாத நாளில் லயத்துக்குள் கொட்டுச் சத்தம் கேட்டால் ஒரே அர்த்தம்தான். ஜெயமலர் கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நான்கு பெண்களோடு உள்ளே பாய்ந்தாள்.

"ஐயோ ராக்காயி அக்கா, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே!"

"இன்னும் போகலடி" என்றேன், கட்டிலில் உட்கார்ந்தபடி.

வெளியே சின்னத்தம்பி பாடைக்கு மூங்கில் வெட்டக் கத்தியோடு போயாயிற்று. மலையில் வேலை வாங்கிக்கொண்டிருந்த கண்டாக்கையா, குழி வெட்ட இரண்டு ஆளைக் கீழே அனுப்பிவிட்டார்.

"அப்ப யாரு கொட்டு போட்டது?" என்றாள் ஜெயமலர்.

எல்லாக் கண்ணும் என்மேல். என் நாக்கு முந்திக்கொண்டது. "நாகலெட்சுமிதான். போட்டுட்டுக் குளிக்கப் போயிட்டா."

ஈரத்துணியோடு அவள் வாசலில் நின்றாள். கேட்டுவிட்டாள். நேரே வந்து ஸ்பீக்கரை நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு அவள் பீலிக்குப் போனால், "அக்காவுக்கு ஒத்திகையா, நாகலெட்சுமி?" என்று சிரிப்பு. சின்னத்தம்பி ஒருபடி மேலே. "வெட்டுன மூங்கி சும்மா கெடக்கு, எப்பன்னு முன்னுக்கே சொல்லிப்புடுங்க." கொட்டகலை மாஸ்டரையும் சேர்த்துக் கதை கட்டினார்கள். அவள் மறுக்கவில்லை. போனில் பேசுவதையும் விட்டுவிட்டாள். சொல்ல வெட்கம்தான், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இனி எனக்குத்தானே என்று இருந்தேன். ஆனால் என்னோடும் பேசவில்லை. நான் ஜெயமலர் வாசலில் போய் நின்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். நான் போகவில்லை.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை, உடுப்பை எல்லாம் பையில் அடுக்கினாள். ஊர்மிளா வீட்டில் ஒரு அறை சும்மா இருக்கிறதாம், அங்கிருந்தே பங்களாவுக்கு பஸ் இருக்கிறதாம்.

"அக்கா, அன்னைக்குப் போட்டது நீதான?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

கத்துவாள் என்று பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எதுவரைக்கும் கேட்ட?"

"இவளுக ஒப்பாரி வச்சுக்கிட்டு வர்ற வரைக்கும்."

"பாதியிலயே கெடுத்துட்டாளுக. அதுக்கப்புறந்தான் குழல்காரரு வருவாரு. மொதல்ல மேளம் போன வழியில மெதுவா ஒரு அடி வச்சுப் பாப்பாரு..."

ஊர்மிளாவோடு பேசுகிற முகம் அது. முதல்முறையாக என்னைப் பார்த்து. போடு, கேட்போம் என்று சொல்ல நாக்கு பல்வரை வந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு" என்றேன்.

"மொத ஞாயித்துக்கெழம மாஸ்டர் வீட்டுக்கு வா அக்கா. ஒனக்கு எது புடிச்சுச்சுன்னு கேப்பாங்க."

"அவுங்க கேப்பாங்க. நீ கேட்டியா?"

கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. அவள் பையைத் தோளில் மாட்டினாள், செருப்பைப் போட்டாள், ஜெயமலர் பார்க்கப் பார்க்க வாசலைத் தாண்டிப் போனாள்.