மஞ்சள் நீர் குடித்த பிள்ளை

மஞ்சள் நீருக்கு ருசி என்று ஒன்றும் கிடையாது. பச்சை மண் வாடையும், நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிற ஒரு கசப்பும்தான். திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், பங்காளிகள் எல்லாம் கூடியிருக்க, வெள்ளிக் கிண்ணத்தில் அதை எனக்குக் குடிக்கக் கொடுத்தபோது எனக்கு எட்டு வயது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதைக் குடித்துவிட்டால் பெற்ற வீட்டோடு உள்ள பாத்தியதை அற்றுப்போகும் என்பது எங்கள் வகையறாவின் வழக்கம். இப்படித் தத்துக் கொடுப்பதற்குப் ‘பிள்ளை விடுவது’ என்று பெயர். ஏதோ கன்றுக்குட்டியை அவிழ்த்து விடுவதுபோல.

“அந்தக் காலத்தில் தனிமை என்ற பேச்சே கிடையாது, இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் செல்போனோடு ஒண்டியாகிவிட்டார்கள்” என்று கல்யாண வீடுகளில் யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அட போங்கய்யா! ஊர் நிறைய சொந்தத்தை வைத்துக்கொண்டு ஒண்டியாகக் கிடந்தவன் நான்.

எங்கள் பெரியப்பா பர்மாவில் கண்ணை மூடிவிட்டார், பிள்ளை இல்லை. “ஒரு வீட்டுல வெளக்கு அணையலாமா? ஒனக்குத்தான் நாலு இருக்கே” என்று பங்காளிகள் என்னைப் பெற்ற அப்பச்சியிடம் பேசி முடித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அதுவரை நான் பெரியாத்தா என்று கூப்பிட்ட பெரியப்பா மனைவி ஒரே காலையில் ஆத்தாவானார். பெற்ற ஆத்தாவைச் ‘சின்னாத்தா’ என்று கூப்பிடச் சொன்னார்கள். இத்தனைக்கும் எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

பெரியப்பாவின் பெரிய வீட்டில் முகப்பிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் நாலு வாசல் தாண்ட வேண்டும். ஊரே உட்கார்ந்து சாப்பிடக்கூடிய நீளமான கூடத்தில், நடுவில் எனக்கு மட்டும் ஒரு இலை விழும். சமையல்காரர் பரிமாறிவிட்டுப் போய்விடுவார். பெரியாத்தா பொல்லாதவர் அல்ல, பாவம். சிறுபிள்ளைகளோடு பேசிப் பழக்கமில்லாதவர். “வேணுங்கிறதக் கேட்டு வாங்கிச் சாப்பிடுப்பா” என்று தூணுக்குப் பின்னால் நின்றே சொல்வார். எனக்கு வேண்டியது அந்த அடுப்படியில் இல்லை.

தெருவில் இறங்கினால் “வீட்டுப் புள்ள தெருவுல ஆடக் கூடாது” என்று வீட்டு வரவு செலவு பார்க்கும் காரியக்காரர் கையைப் பிடித்து இழுத்து வருவார். தப்பித்துப் போனாலும் ஊருணிக்கரையில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த கூட்டாளிகள், “டோய், மஞ்சத்தண்ணி வாரான்!” என்று சிரித்து, பெரிய வீட்டுப் பிள்ளைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். திட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். எனக்குச் சோறு இறங்காமல் போனது, எந்நேரமும் வயிற்றுவலி. புதுக்கோட்டையிலிருந்து காரில் டாக்டரை வரவழைத்துக் காட்டினார்கள். அவர் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார்!

ஒருநாள் நல்ல வெயிலில், காரியக்காரர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, கொல்லைச் சந்து வழியாக எங்கள் வீட்டுக்கு ஓடினேன். ஆத்தா சட்டியில் பழைய சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, சுற்றி உட்கார்ந்திருந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் உருட்டி உருட்டிக் கையில் போட்டுக்கொண்டிருந்தாள். உருண்டையில் கட்டைவிரலால் ஒரு பள்ளம் வைத்து, அதில் சுண்டக் குழம்பை ஊற்றுவாள். தம்பிக்கும் தங்கைக்கும் நடுவில் என் இடம் அப்படியே கிடந்தது. போய் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

ஆத்தாவின் கை சட்டியிலேயே நின்றுவிட்டது. வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டு, அதன் முன்னால் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். “இங்கிட்டு ஒக்காருங்க தம்பி” என்றாள். எங்கே வாங்கினாளோ, அப்பளம்கூடப் பொரித்து வைத்தாள். விருந்தாளி சாப்பிடும்போது குறுக்கே நிற்கக் கூடாது என்று மற்ற மூவரையும் கொல்லைப் பக்கம் அனுப்பிவிட்டாள். என் வீட்டிலும் நான் தனியாகத்தான் சாப்பிட்டேன். அவள் கல்நெஞ்சக்காரி என்று அன்று நினைத்தேன். ஒரு உருண்டை போட்டிருந்தால் நான் திரும்பிப் போயிருக்கமாட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது என்று புரிய எனக்குப் பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு எத்தனையோ வருஷம், நான் எப்போது போனாலும் அதே பலகை, அதே இலை, அதே “வாங்க தம்பி”. நானும் “நல்லாருக்கீங்களா சின்னாத்தா?” என்று கேட்டுப் பழகிக்கொண்டேன்.

பெரிய வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. கூடத்தில் புறாக்கள் குடியிருக்கின்றன. பிள்ளை விடும் வழக்கமும் அருகிவிட்டது. விட்டுக்கொடுக்க எந்த வீட்டில் நாலு பிள்ளை இருக்கிறது? ‘மஞ்சத்தண்ணி’ என்று கூப்பிட ஊரில் ஆள் இல்லை. இன்றைக்கும் யார் வீட்டிலாவது மரியாதையாக இலை போட்டு உட்காரச் சொன்னால், சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்லி எழுந்துவிடுகிறேன்.

ஆத்தா படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில் பார்க்கப் போயிருந்தேன். யாரையும் அடையாளம் தெரியவில்லை என்றார்கள். என்னை வெகுநேரம் பார்த்தாள்.

“எங்கடா போயிருந்தே இம்புட்டு நேரம்? சோறு ஆறிப்போச்சு. கைய நீட்டு” என்றாள்.

அவள் கையில் ஒன்றும் இல்லை. ஆத்தாவுக்குச் சுத்தமாக நினைவு தப்பிவிட்டதே என்று தங்கை அழுதாள். நான் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.