டடா குடியிருந்த வாசிகசாலை

ஷெல்டன் அத்தான் என் அக்கா டெனிஷாவின் கணவர். இப்போது இருவரும் ஒரே வீட்டில் இல்லை. அவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். அக்காவும் பிள்ளைகளும் வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கிறார்கள். மூத்தவன் றெஜிக்கு எட்டு வயது. சின்னவள் ஜொவானாவுக்கு ஐந்து, அவளை எல்லாரும் ஜொவி என்றுதான் கூப்பிடுவோம். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை அத்தானிடம் கூட்டிக்கொண்டுபோவது என் வேலை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா நிற்கிறவள் நான்தானே என்று அக்காவே அதைத் தீர்மானித்துவிட்டாள்.

இடத்தைச் சொன்னதும் அவள்தான்.

"கடற்கரை வேணாம், ரயில் ரோட்டைத் தாண்டணும். கடைப்பக்கம் வேணாம், அதை வாங்கித்தாங்க இதை வாங்கித்தாங்க எண்டு நிப்பாங்க. வாசிகசாலைக்குக் கூட்டிட்டுப் போ. நாலு பேர் இருக்கிற இடம். அங்க இருந்து ஒருத்தரும் அழுது நாடகம் போடேலாது."

அந்தக் கடைசி வார்த்தை அத்தானுக்காகச் சொன்னது. அவர் மேல் அக்காவுக்கு இருந்த கோபம் அப்படி. அதில் பிழை சொல்லவும் முடியாது.

அத்தான் டோஹாவில் ஒரு களஞ்சியத்தில் வேலைக்குப் போனவர். போகும்போது கோயிலில் பூசை, ஒழுங்கையில் உள்ள வீட்டுக்காரர் எல்லாரும் கூடி நின்று போட்டோ, மாலை என்று பெரிய வழியனுப்பல். ஒரு வருடம் முடியும் முன்பே கம்பனி ஆட்களைக் குறைத்தது. அவர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கினார். ஆனால் வீட்டுக்கு வரவில்லை. போட்டோ எடுத்தவர்களின் முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்தாராம். கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் தங்கி, புறக்கோட்டையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் பில் போடும் வேலை எடுத்துக்கொண்டு, டோஹாவில் இருப்பது போலவே அக்காவுக்குக் கோல் எடுத்தார். நெட் சரியில்லை என்று சொல்லி முகம் காட்டமாட்டார். "இங்க சரியான மணல் காத்து" என்று ஒரு நாள் காலையில் சொன்னார். அன்று மத்தியானம் கிறிஸ்மஸுக்குத் துணி எடுக்கப் புறக்கோட்டைக்குப் போன அக்கா, கடை வாசலில் பில் புத்தகத்தோடு அவர் நிற்பதைக் கண்டாள்.

வேலை போனதை அக்கா ஒரு நாளும் குற்றமாகச் சொன்னதில்லை. பக்கத்து ஊரில் இருந்துகொண்டு வேறு நாட்டில் இருப்பதாகத் தினமும் கதைத்தாரே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

சனிக்கிழமைகளில் நாங்கள் போகும்போது அத்தான் எப்போதும் முந்திவிடுவார். சிறுவர் பகுதியில், பிள்ளைகளுக்கான மஞ்சள் கதிரையில், முழங்கால் இரண்டும் நாடிக்கு வரும்படி உட்கார்ந்திருப்பார். குடை அலுமாரிக் கைபிடியில் தொங்கும். தண்ணீர்ப் போத்தல் சன்னலில் இருக்கும். அந்தப் பகுதியைப் பார்க்கும் சஹ்லா மிஸ் அவரைச் சீண்டாமல் விடமாட்டார்.

"மிஸ்டர் ஷெல்டன், அது மூணு வயசுப் புள்ளயளுக்கு உள்ள கதிர. ஒடஞ்சா ஒங்களத்தான் ரிப்பேருக்கு அனுப்புவன்."

"நான் இப்பவே ரிப்பேர்தான், மிஸ்."

பிள்ளைகளுக்கு அவர் வாசிக்கும் விதம் தனி. யானை கதைத்தால் குரலைத் தாழ்த்துவார், நரி கதைத்தால் மூக்கால் கதைப்பார். எல்லாம் மெதுவாகத்தான். சஹ்லா மிஸ் நிமிர்ந்து பார்த்தால் நரி இருமும். ஜொவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பன்னிரண்டு மணியானதும் நாங்கள் எழும்புவோம். அவர் எழும்பமாட்டார். கேற் வரைக்கும் வந்தால் ஜொவி விடமாட்டாள் என்று அங்கேயே இருந்து கை காட்டுவார்.

நாங்கள் வரும்போதும் அங்கே. போகும்போதும் அங்கே. குடையும் போத்தலும் அங்கே. ஐந்து வயதுப் பிள்ளை வேறு என்ன நினைக்கும்?

"டடா, நீங்க எங்க படுக்கிறது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இஞ்சதான்."

"மேசையிலயா?"

"ஓம். மேல ஃபேன் இருக்குத்தானே."

"இருட்டினா பயமில்லையா?"

"எனக்கென்ன பயம்? யானை இருக்கு, நரி இருக்கு."

றெஜி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கித் தகப்பனைப் பார்த்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் காதுக்குள், "அது பொய் எண்டு எனக்குத் தெரியும், சித்தி. ஜொவிட்டச் சொல்லாதீங்க. அம்மாட்டயும் சொல்லாதீங்க. பிறகு சனிக்கிழமை இல்லாமப் போயிடும்" என்றான்.

ஒரு நாள் பகிடியோடு அது முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த கிழமை ஜொவி, "ராவு மேசை குளிரா இருந்ததா?" என்று கேட்டபோது அத்தான், "கொஞ்சம்" என்றார். அதற்கடுத்த கிழமை எந்த அலுமாரியில் உடுப்பு வைப்பது என்று கேட்டாள். அதற்கும் ஒரு பதில் வந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை வெளிக்கிடும் நேரத்தில் ஜொவி தன் தலையணையைப் பைக்குள் திணித்துவிட்டாள். அக்கா பார்க்க முதல் றெஜிதான் அதை இழுத்து எடுத்துக் கட்டிலில் போட்டான். அன்று வாசிகசாலையில் நான் அத்தானைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போய் இதைச் சொன்னேன். அவர் குழாயைத் திறந்தபடி அப்படியே நின்றார்.

"அத்தான், உள்ளதைச் சொல்லிடுங்களேன்."

"எப்பிடிச் சொல்லுறது? கொட்டாஞ்சேனை எண்டு சொன்னா, காட்டுங்க எண்டு நிப்பாள். அந்த அறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகேலுமா?"

"அக்காக்குத் தெரிஞ்சா?"

"அது எனக்கும் தெரியும்," என்றார். "தெரிஞ்சா இதுவும் நிண்டுபோயிடும். நான் வேணுமெண்டு தொடங்கல்ல. அவள் கேக்க கேக்க எனக்கு வாயில பொய்தான் வருது. ஏன் எண்டு எனக்கே விளங்குதில்ல."

ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று நரிக்குக் குரல் வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து வந்த சனிக்கிழமை போயா நாள். பௌர்ணமி விடுமுறை. பள்ளிக்கூடம் போகும் வரை போயா எல்லாம் விரல் நுனியில் இருந்தது. வீட்டில் நிற்கத் தொடங்கிய பிறகு எல்லா நாளும் ஒன்றுதான். அக்கா வேலை செய்யும் துணிக்கடை போயாவுக்கும் திறப்பதால் அவளும் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் விகாரைக்குப் போகும் வெள்ளை உடுத்த ஆட்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

கேற்றில் சங்கிலி போட்டிருந்தது. அத்தான் கேற்றுக்கு வெளியே, ரோட்டோரத்தில், குடையோடு நின்றார். அவருக்கும் மறந்துபோயிருந்தது.

ஜொவி அவரைப் பார்த்தாள். சங்கிலியைப் பார்த்தாள்.

"டடா, பூட்டுத் திறப்பை எங்க விட்டனீங்க?"

அத்தான் குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"டடா, இவங்களும் உங்களைப் போகச் சொல்லிட்டாங்களா?"

அவள் கேற்றைப் பிடித்து உலுக்கத் தொடங்கினாள். உள்ளே கதிரையில் இருந்த காவல்காரரைப் பார்த்து, "அங்கிள், அறின்ன! அறின்ன!" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் திறக்கச் சொல்லிக் கத்தினாள். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே எழும்பி வந்து, "துவே, அத போயனே" என்றார். இன்றைக்குப் போயா மகளே என்று அன்பாகத்தான் சொன்னார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "எங்கட டடாவை உள்ள விடுங்க" என்று தமிழில் அழத் தொடங்கிவிட்டாள். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அத்தான் குடையைக் கீழே போட்டுவிட்டு அவளுக்கு முன்னால் குந்தினார்.

"ஜொவி, இது டடாட வீடு இல்ல."

"பொய்."

"இல்ல மகள். முந்திச் சொன்னதுதான் பொய்."

அவள் றெஜியிடம் திரும்பினாள். அவன் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு, "ஓம். எனக்குத் தெரியும்" என்றான்.

"அப்ப டடாட வீடு எங்க?"

"கொட்டாஞ்சேனையில. ஒரு அறை."

"காட்டுங்க."

அவர் பயந்த கேள்வி அதுதான். சாட்டுச் சொல்ல அவருக்கு இடமிருந்தது. மழை வரும், நேரமில்லை, அடுத்த முறை. ஆனால் அவர் எழும்பி என் போனைக் கேட்டார். தன்னுடைய நம்பரிலிருந்து எடுத்தால் அக்கா பேசமாட்டாள். நான் பக்கத்திலேயே நின்றதால் அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

"டெனி, நான் கதைக்கிறன்."

"பிள்ளைகளுக்கு என்ன?"

"ஒண்டுமில்ல. வாசிகசாலை பூட்டு, இண்டைக்குப் போயா. டெனி, நான் வாசிகசாலையிலதான் இருக்கிறன் எண்டு ஜொவிட்டச் சொல்லி வச்சிருந்தன். பகிடியாத்தான் தொடங்கினது. பிறகு நம்பட்டும் எண்டு விட்டுட்டன்."

துணிக்கடையில் யாரிடமோ "கொஞ்சம் பொறுங்க" என்று அக்கா சொல்வது கேட்டது.

"டோஹாவில மணல் காத்து எண்ட மாதிரி," என்றாள் அக்கா.

"ஓம். அதே மாதிரி."

"இப்ப ஏன் எனக்குச் சொல்றீங்க? பிடிபட்டதாலயா?"

"ஓம். பிடிபட்டதாலதான்."

"இந்தச் சனியோட நிப்பாட்டுங்க எண்டு வாய் வரைக்கும் வருது எனக்கு." என்றாள் அக்கா. "நீங்க எங்க இருக்கிறீங்களோ அங்க கூட்டிட்டுப் போங்க. பார்க்கட்டும். அதுகள் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்க. இன்னொரு பொய் சொன்னீங்க எண்டு றெஜி வந்து சொன்னா, இனி வாசிகசாலையும் இல்ல."

அந்த அறை ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. நாலு பேருக்கு மூன்று மெத்தை. அத்தானின் மெத்தையில் துறைமுகத்தில் இரவு வேலை செய்யும் ஹியூபேட் அண்ணன் படுத்திருந்தார். எங்களைக் கண்டதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "டேய் ஷெல்டன், ஆக்களைக் கூட்டிட்டு வாறதெண்டாச் சொல்றதில்லையா? ஒரு சேட்டாவது போட்டிருப்பேனே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜொவிக்கு வரவில்லை.

"இவர் ஏன் டடாட மெத்தையில?"

"பகலில அவருக்கு, ராவில எனக்கு."

"உங்கட அலுமாரி?"

அத்தான் சுவரோரம் இருந்த சூட்கேஸைக் காட்டினார். டோஹாவுக்குக் கொண்டுபோன சூட்கேஸ். விமான நிலையத்தில் ஒட்டிய துண்டு இன்னும் அதில் இருந்தது. றெஜி அதைத் தொட்டுப் பார்த்தான். இந்த முறை கேட்டது அவன்தான்.

"பிளேன்ல வந்து ஏன் எங்கட வீட்ட வரல்ல?"

"வெக்கமா இருந்தது."

"யாரைப் பார்த்து?"

"உங்களையெல்லாம் பார்த்துத்தான்."

"நாங்க என்ன செய்தனாங்க?"

ஹியூபேட் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அத்தான் மகனுக்கு முன்னால் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஒண்டும் செய்யல்ல," என்றார். "நீங்க ஒண்டும் செய்யல்ல, மகன். டடா செய்தது."

அதற்கு மேல் பிள்ளைகள் எதுவும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் காப்பாற்றும்படியாக எதுவும் சொல்லவில்லை. கீழே இறங்கும்போது படி செங்குத்தாக இருந்தது. அத்தான் கையை நீட்டினார். ஜொவி சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள்.

புறக்கோட்டை வரைக்கும் எங்களோடு வந்து வெள்ளவத்தை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் நிரம்பும்வரை சன்னலுக்குக் கீழே நின்றார்.

"ஜொவி, வாற சனி வாசிகசாலை திறந்திருக்கும். நான் வருவன்."

அவள் றெஜியைப் பார்த்தாள். "உண்மையா அண்ணா?"

இத்தனை நாளாகத் தகப்பனின் பொய்யைக் காத்துக்கொண்டு வந்த பிள்ளை அவன். அன்று சன்னல் கம்பி வழியாக அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "வந்தாப் பார்ப்பம்" என்றான்.

அத்தானின் முகம் சுருங்கியது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

"ஓம் ஜொவி. அண்ணா சொல்றதுதான் சரி. வந்தாப் பாருங்க."

பஸ் வெளிக்கிட்டது. ஜொவி கை காட்டவில்லை. காட்டும்படி அவர் கேட்கவும் இல்லை.