மாமன் மடி

என் மகளுக்கு ஒரு வயதில் மொட்டை போட்டுக் காது குத்த, சிங்கம்புணரிப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் ஒரு பிளசர் காரை வாடகைக்குப் பேசி, முன்னாலும் பின்னாலும் மடிக்கு மேல் மடியாக அடைந்துகொண்டோம். அப்போது அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை.

முன் சீட்டு என் அண்ணனுக்கு. மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில்தானே நடக்க வேண்டும்? அதனால் வீட்டு வாசலிலிருந்தே பிள்ளையை அந்த மடியில் உட்கார வைத்துவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். அதைத் தொடங்கி வைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன்.

"பின்னால நான் வச்சுக்கிறேண்ணே" என்றேன்.

"மாமன் மடியவிட வேற எடமா? பேசாம ஏறுத்தா" என்று அண்ணன் சிரித்தார்.

"தம்பி பிரியமாக் கேக்குறாக, குடு" என்றார் மாமியார். கொடுத்தேன்.

கண்டரமாணிக்கம் தாண்டி, கண்மாய்க் கரைத் திருப்பத்தில் ஆடுகள் குறுக்கே வந்தன. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பின்னாலிருந்து நான் பார்த்தது அண்ணனின் கைகளைத்தான். இரண்டும் பிள்ளையை விட்டுவிட்டு, முன் கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் ஊன்றியிருந்தன. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. விழப்போகும் உடம்பு, கையைத் தனக்காகத்தான் நீட்டும். அந்தக் கைகளுக்கு நடுவே என் மகள் போய் மோதி, அவர் காலடியில் விழுந்தாள்.

அவள் அழவில்லை. இறங்கி ஓடி அவளைத் தூக்கினேன். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது, தலை தோளில் தொங்கியது. போய்விட்டாள் என்றே நினைத்தேன். பிறகுதான் வீறிட்டாள்.

காரைத் திருப்பி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்று நம்பினேன். "சாமி காப்பாத்திருச்சு. நல்ல நேரம் போகுது, வண்டிய எடுங்க" என்றார் மாமியார். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. கோயிலில் நெற்றியில் மஞ்சளை அப்பி, காயத்தைச் சுற்றி மழித்தார்கள். காதும் குத்தினார்கள். அதே மடி. எல்லோரும் கறிச்சோறு சாப்பிட்டார்கள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

திரும்பும்போது அண்ணன் மறுபடியும் முன் சீட்டில் ஏறி, இரண்டு கைகளையும் நீட்டினார். "வாங்க தாயி, மாமன்கிட்ட!" பலகையில் காய்ந்திருந்த ரத்தத்தை யாரும் துடைத்திருக்கவில்லை. நான் வாய்விட்டு அழுதேன். "வேணாம்ணே, எம்பிள்ளைய விட்ருங்க" என்று கெஞ்சினேன். கை அப்படியே நீண்டிருந்தது. ஒரு துண்டை எடுத்துப் பிள்ளையை என் வயிற்றோடு கட்டிக்கொண்டு பின்னால் ஏறினேன். அதுவும் ஆபத்துதான் என்று இப்போது சொல்கிறார்கள். அன்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"கூடப் பொறந்தவுக மொகத்துல அடிச்ச மாதிரி பண்ணிட்டியே!" என்று மாமியார் வாயில் கை வைத்தார். பிள்ளை அடிபட்டபோதுகூட அவர் அவ்வளவு அதிரவில்லை.

அந்த மகள் இப்போது பேரனே எடுத்துவிட்டாள். அவள் நெற்றித் தழும்பைக் கேட்டால், சின்ன வயதில் விழுந்தது என்று சொல்லுவாள். போன மாதம் எங்களையெல்லாம் காரில் கூட்டிப் போனாள். பின்னால் குழந்தைக்கென்று தனி இருக்கை. அதில் பேரனை உட்கார வைத்து, தோளிலும் இடுப்பிலும் வாரை மாட்டி, இழுத்துப் பார்த்தாள். முன் சீட்டில் அண்ணன், எண்பதைத் தாண்டியவர், திரும்பி இரண்டு கைகளையும் நீட்டினார்.

"பிள்ளைய ஏன் கட்டிப் போட்டிருக்கீக? இங்குட்டுக் குடுங்க."

நான் பேரனின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டேன். மகள் சிரித்துக்கொண்டே, "இப்பச் சட்டம் இருக்கு மாமா. பாத்தா போலீசு பிடிச்சு அபராதம் போட்ருவாக" என்றாள்.

போலீஸ் என்றதும் அண்ணன் கைகளைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அன்றைக்கு நான் அழுதபோது அவை நீண்டபடியேதான் இருந்தன.