நூற்று நாற்பத்து நான்கு சதுரங்கள்

இரண்டாவது மாடியில் லிஃப்டில் ஏறிய கோடு போட்ட சட்டையை, ஐந்தாவது மாடி வருவதற்குள் தம்பி மூன்று முறை பார்த்துவிட்டான். கழுத்துப்பட்டை நைந்திருந்தது. முழங்கைப் பக்கம் நிறம் போயிருந்தது. முதுகு மட்டும் இன்னும் உறுதி. கதவு திறந்ததும் மெல்லச் சொன்னான்.

"சார், இன்னும் ஆறு மாசம்தான். அப்புறம் எனக்குக் குடுத்துடுங்க."

சட்டைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கட்டடத்தில் எட்டு மாடிக்காரர்களுக்கும் இது பழகிப்போன விஷயம். லிஃப்ட் ஓட்டுகிறவன் தங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, துணியைத்தான் பார்க்கிறான் என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே அவன் பெயரே சதுரம். புதுச்சட்டை போட்டு வருகிறவர்கள் அவர்களாகவே கேட்பார்கள், "என்ன சதுரம், இதுக்கு எத்தனை வருஷம் குடுக்கிறே?" என்று. அவன் கைப்பகுதியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "நாலு வருஷம் சார். வீட்டுல அடிச்சுத் துவைக்கிறவங்க இருந்தா மூணு" என்பான்.

அப்படி வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய துணிகளை வைத்து அவன் போர்வை தைக்கிறான். கையால்தான் தைப்பான். கடையில் வெட்டி வாங்கிய புதுத்துணியைச் சேர்க்கமாட்டான். "மனுஷன் உட்கார்ந்து எழுந்த துணியா இருக்கணும். இல்லேன்னா போர்வை பேசாது" என்பான். அவன் மனைவி, "இந்த வீட்டுல அது ஒண்ணுதான் பேசாம இருக்கு, அதையும் பேச வைக்கப் பாக்கிறார்" என்பாள்.

சதுரம் வெட்ட அவன் வைத்திருக்கும் அளவுத்தகடு, அக்காவின் முழங்கால் எக்ஸ்ரே. ஒளி ஊடுருவும் என்பதால் அடியில் துணியில் இருக்கும் பூ எங்கே விழுகிறது என்று பார்த்து வெட்டலாம். பக்கத்துக்கு ஆறரை அங்குலம். தையலுக்கு இரண்டு பக்கமும் கால் கால் போனால் ஆறு. வெட்டிய ஒவ்வொன்றின் பின்பக்கமும் எந்த மாடி, எந்த ஆள் என்று பென்சிலால் எழுதிவிடுவான். ஊசிகளைச் சட்டைக் கழுத்துப்பட்டைக்கு அடியில் குத்தி வைத்துக்கொள்வது வழக்கம். எப்போதும் மூன்று இருக்கும். அதனால் அவனைக் கட்டிப்பிடிக்க நினைக்கிற உறவினர்கள் தூரத்தில் நின்றே நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

அக்கா அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். எட்டாவது வரை படித்துவிட்டு, முப்பத்திரண்டு வருஷம் பொத்தான் தொழிற்சாலையில் தரம் பார்த்தவள். ஒரு துளை தள்ளியிருந்தாலும் எடுத்து ஒதுக்கிய கை அது. கண் நன்றாக இருந்த காலத்தில் தம்பியின் தையலை அளவுகோல் வைத்து எண்ணியிருக்கிறாள்: அங்குலத்துக்குப் பத்து. ஒன்பதும் இல்லை, பதினொன்றும் இல்லை. அதை அவனிடம் சொன்னதில்லை. மற்ற எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

இப்போது அவள் இரண்டு கண்ணிலும் புரை. ஆள் வந்தால் ஆள் என்று தெரியும். யார் என்பதற்குக் குரல் வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் அது வருத்தம். தம்பிக்கு மட்டும் அது சௌகரியம்.

போர்வைக்கான சதுரங்களை முதலில் கூடத்துத் தரையில் பரப்பவேண்டும். எது எதற்குப் பக்கத்தில் என்று முடிவு செய்வதுதான் இந்த வேலையில் பாதி. பரப்பி முடித்ததும், "அக்கா, வந்து பாரு" என்று கூப்பிடுவான். அக்கா சமையலறை வாசலில் நின்று பார்ப்பாள்.

"கதவுப் பக்கம் ஒரே இருட்டா மொத்தமா கிடக்குடா. ஜன்னல் பக்கம் வெள்ளையா ஒண்ணு பல்லை இளிக்குது."

அவன் இரண்டு சதுரங்களை மாற்றி வைப்பான். "இப்ப?"

"இப்பப் பரவாயில்லை."

ஒரு தடவை, "கண்ணு நல்லா இருக்கிற உன் பொண்டாட்டியைக் கேட்கவேண்டியதுதானே" என்றாள் அக்கா.

"அவளுக்குப் பூ தெரியும், கோடு தெரியும், யார் சட்டைன்னு தெரியும். அப்புறம் அந்தாள் நல்லவரா கெட்டவரான்னு ஆரம்பிப்பா. உனக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியுது. இந்த வசதி யாருக்குக் கிடைக்கும்?"

இந்த வசதிக்குத்தான் ஆபத்து வந்தது. ஏழாவது மாடி மேலாளர் ஓய்வு பெறப்போகிறார் என்று, கட்டடத்தில் உள்ள எல்லாரும் ஆளுக்கொரு துணி கொடுத்து ஒரு போர்வை கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. ஒரு ஆளை விட்டாலும் லிஃப்டில் தினம் முகத்தில் விழிக்கவேண்டும். இவன் பரப்ப ஆரம்பித்த வாரத்தில்தான் கண் மருத்துவமனையில் அக்காவுக்கு நாள் கொடுத்தார்கள். வருகிற புதன்கிழமை.

மருத்துவரிடம் அவளைக் கூட்டிப்போனவனும் அவன்தான். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது கேட்டான், "டாக்டர், ரெண்டு கண்ணையும் பண்ணித்தான் ஆகணுமா? ஒண்ணைக் கொஞ்சம் மங்கலாவே விட்டு வெச்சா என்ன?"

மருத்துவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தார். "முதல்ல இடது கண். அடுத்தது ஒரு மாசம் கழிச்சுத்தான்" என்றார்.

"அந்த ஒரு மாசத்தை ரெண்டா ஆக்க முடியுமா?"

"வெளியில வாடா" என்றாள் அக்கா. தெருவுக்கு வந்ததும், "என் கண்ணு என்ன உன் தையல் டப்பாவா?" என்று கேட்டாள். வீடு வரைக்கும் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

ஆக, புதன்கிழமைக்குள் நூற்று நாற்பத்து நான்கும் இடம் பிடித்தாகவேண்டும். மூன்று நாள் கூடத்தில் மின்விசிறி கிடையாது. சுவரை ஒட்டி ஒரு பாதம் அகலத்துக்கு வழி. எல்லாரும் திருடப் போகிறவர்கள்போல முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு போனார்கள். செய்தித்தாள் போடுகிறவன் வாசலில் தும்மினதற்குத் தம்பி அவனை முறைத்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசிச் சதுரமும் வைத்தாயிற்று. நடுவில், ஆழமான இருட்டாக, கீழ்த்தளக் காவலாளியின் பழைய சீருடைத் துண்டு.

"அக்கா, கடைசியா ஒரு தடவை."

அக்கா வந்தாள். பொழுது சாய்ந்துவிட்டதால் ஒன்றும் பிடிபடவில்லை. விளக்கைப் போட்டுக்கொள்ளலாம் என்று சுவரைத் தடவி ஒரு சுவிட்சை அழுத்தினாள்.

விளக்கு எரியவில்லை. மேலே இருந்து காற்று இறங்கியது.

மூன்று நாள் சும்மா இருந்த விசிறி அன்றைக்கு உற்சாகமாகச் சுற்றியது. ஏழாவது மாடியும் எட்டாவது மாடியும் ஒன்றாகக் கிளம்பி அலமாரிமேல் போய் உட்கார்ந்தன. ஒரு பூப்போட்ட துண்டு தம்பி மனைவியின் தோளில் வந்து விழுந்தது. அவள் எடுத்துப் பின்பக்கம் படித்து, "மூணாவது மாடி தட்டச்சுக்காரம்மா வந்திருக்காங்க" என்றாள்.

அக்கா சுவரோடு சுவராக நின்றாள். "அடிக்கணும்னா அடிச்சுடுடா" என்றாள்.

தம்பி விசிறியை நிறுத்தினான். தரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்து, சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான். "இதுக்குத்தான் கண்ணு பண்ணிக்கணும்னு டாக்டர் சொல்றார்போல இருக்கு" என்றான்.

பொறுக்கி, பிரித்து, மறுபடி பரப்பினார்கள். அவன் வைக்க வைக்க அக்கா இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் தடவை மூன்று நாள் ஆனது, இரண்டாம் தடவை மூன்று மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் எண்ணினால் நூற்று நாற்பத்து மூன்று. காவலாளியைக் காணோம். ஜன்னலுக்கு வெளியே, கட்டிலுக்கு அடியில், தம்பியின் சட்டைப்பையில்கூடத் தேடிப் பார்த்தாயிற்று.

"நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி இருக்குடா" என்றாள் அக்கா.

காலையில் குளித்துவிட்டு, மருத்துவமனைக்கென்று எடுத்து வைத்திருந்த கருநீலச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தபோது, தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"இப்பப் பாரு. நடுவை."

பார்த்தாள். ஓட்டை அடைபட்டிருந்தது. சுற்றியிருந்த வெளிச்சமெல்லாம் அந்த இருட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"நேத்தையைவிட நல்லா இருக்கு. எங்கேடா கிடைச்சுது?"

"வீட்டுலயேதான். கிளம்பு, நேரமாச்சு."

அவள் பின்னால் தம்பி மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது அக்காவுக்குத் தெரியவில்லை. அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இடது கண்ணின் கட்டை அவிழ்த்து நாலு நாள் ஆனபோது அக்கா வீட்டைப் புதிதாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். சுவரில் விரிசல், விசிறி இறக்கையில் தூசி, தம்பியின் காதோரம் நரை. அலமாரியின் பின்கால் பக்கம் குனிந்து, "இது என்ன, கறுப்பா?" என்று இழுத்தாள். காவலாளி வந்தார்.

அப்போதுதான் அவள், தம்பி தைத்துக்கொண்டிருந்த போர்வையைக் கையில் எடுத்தாள். வரிசையெல்லாம் சேர்ந்திருந்தது. நடுச்சதுரத்தை மூக்குக்கு நேரே பிடித்தாள். கருநீலம், அரிசி அளவு வெள்ளைப் புள்ளி. உள்ளே போய் மடித்து வைத்த சேலையை எடுத்து வந்து உதறினாள். இடுப்பில் சொருகுகிற உள்மூலையில், சரியாக ஆறரை அங்குலத்துக்கு ஒரு ஜன்னல்.

"இதைக் கட்டிக்கிட்டா நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்?"

தம்பி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். "உள்ளே போற மூலைதானே. டாக்டர் கண்ணைத்தானே பார்ப்பார்."

"நீங்க குளிக்கப் போன நேரம் பாத்து வெட்டினார், அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "நான் அப்பவே சொன்னேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

அக்கா சேலையை மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்து வெட்டிய ஓரத்தைப் பார்த்தாள். "இந்தப் பக்கம் நூல் அளவு கோணலா வெட்டியிருக்கே" என்றாள். அவன் முகம் சுருங்கியதைக் கவனித்த பிறகுதான் அவளுக்கு மனசு ஆறியது. "அந்த மேலாளர் என் சேலையைப் போர்த்திக்கிட்டுத் தூங்கப் போறாரா?"

"அவருக்குத் தெரியாது. பின்னால 'வீடு'ன்னு மட்டும் எழுதியிருக்கேன்."

காவலாளியை விட முடியாது. அவரை நாலாக வெட்டி நாலு மூலைக்கும் வைத்துக்கொள்வதாகத் தம்பி முடிவு செய்தான். "காவல்னா மூலைக்கு மூலை நிக்க வேண்டியதுதானே" என்றான். மூலைக்கும் மூலைக்கும் நடுவே ஓரப்பட்டை வேண்டும். சாம்பலா, பழுப்பா? அதில்தான் மாட்டிக்கொண்டான். இரண்டையும் வைத்துப் பார்த்தான். கண்ணை இடுக்கினான். மனைவியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டான். வாசலுக்கு வெளியே போய்த் தலைகீழாகக் குனிந்து, கால்களுக்கு நடுவால் பார்த்தான். மாடிப்படி இறங்கி வந்த பக்கத்து வீட்டுக்காரர் அப்படியே மேலே திரும்பிவிட்டார்.

அக்காவை அவன் கூப்பிடவே இல்லை. கண் வந்த மனுஷியைக் கூப்பிட்டு என்ன பயன் என்று இருந்துவிட்டான். அடுத்த கண்ணுக்குத் தேதி எழுதின சீட்டு, நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது.

அவள் சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தாள். வழக்கமாக நிற்கும் வாசலில் நின்றாள். மருத்துவர் தொடக்கூடாது என்று சொன்ன கண் என்பதால், இடது உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குழித்து, இமையில் படாமல் அந்தக் கண்ணை மூடிக்கொண்டாள். மங்கலான வலது கண்ணைப் போர்வையின் பக்கம் திருப்பினாள்.

"ம், முதல்ல சாம்பலை வை" என்றாள்.